வாலில் கோர்க்காத பெட்டி

அந்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்களைவிடத் தூங்கிப்போய் வந்து சேர்கிறவர்களே அதிகம். முந்தின ஊரிலோ அதற்கும் முந்தின ஊரிலோ இறங்கியிருக்க வேண்டியவர்கள். வண்டி நின்றது நின்றபடியே இருப்பதில் சந்தேகம் தட்டி விழித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இது எந்த இடம்?" என்பார்கள். "இதுக்கு மேல தண்டவாளம் இல்லீங்க, இறங்குங்க" என்பார் ஸ்டேஷன் மாஸ்டர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். வரக்கூடாத இடத்துக்குத் தன்னைப் போலவே இன்னொரு ஜீவனும் வந்து மாட்டிக்கொண்டதில் உண்டாகும் எளிய சந்தோஷம்.

தண்டவாளம் அங்கே நிஜமாகவே முடிந்துபோகிறது. பிளாட்பாரத்தின் கோடியில் இரண்டு இரும்புத் துண்டுகளை நட்டு, குறுக்கே ஒரு முட்டுக்கட்டை வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் முள்செடி. முள்செடிக்கு அப்பால் ஆடுகள். பகலுக்கு ஒரே வண்டி. காலையில் வரும், மத்தியானம் முழுக்க நிழல் தேடாமல் நிற்கும், சாயங்காலம் திரும்பிப் போகும். இழுத்துக்கொண்டு வந்த எஞ்சின் முட்டுக்கட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும் என்பதால், அதைக் கழற்றி, பக்கத்துத் தடத்தில் சுற்றவிட்டு, வண்டியின் மறுமுனையில் மாட்டவேண்டும். மாஸ்டர் கொடி காட்டுவார். பாயிண்ட்ஸ்மேன் கம்பியை இழுத்துத் தடம் மாற்றுவார். பாயிண்ட்ஸ்மேனுக்கு அந்த லைன் முழுக்க 'அவசரம்' என்று பெயர். பிறந்ததிலிருந்து அவர் எதற்கும் அவசரப்பட்டதில்லை.

எஞ்சின் சுற்றிக்கொண்டு திரும்பிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு அதன்மேல் லேசாகப் பொறாமை வரும். அவர் வந்த நாளிலிருந்து இந்த முட்டுக்கட்டையோடுதான் முட்டிக்கொண்டிருக்கிறார். வரும்போது மூத்த மகன் ஸ்லேட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு வேறு ஊரில் வேலை, மீசை வேறு.

அவர் தூங்கிப்போய் வந்தவரல்ல. அனுப்பப்பட்டவர்.

அந்தக் காலத்தில் அவர் பெரிய ஜங்ஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். மனைவியின் அக்கா புருஷன், அதாவது அவருடைய சகலை, அதே ஜங்ஷனில் யார்டுக்குப் பொறுப்பு. ஒருநாள் சகலை நேரில் வந்தார். தோளில் கைபோட்டார். "அந்தக் காலி வேகன்களை ரெண்டாவது தடத்துல தள்ளிவிடு. சக்கரத்துக்குக் கட்டையெல்லாம் குடுக்க வேண்டாம், கொஞ்ச நேரம்தான். நான் பாத்துக்கறேன்" என்றார். சகலையே பாத்துக்கறேன் என்றால் யாருக்குத்தான் தைரியம் வராது? மாஸ்டர் தள்ளிவிட்டார். இரண்டாவது தடம் லேசான சரிவு. வேகன்கள் முதலில் நடந்தன, பிறகு ஓடின. தடத்தின் முடிவில் அதிகாரிகளுக்கென்று புதிதாக ஒரு கழிப்பறை கட்டி, மறுநாள் திறப்புக்காக வாசலில் ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். வேகன்கள் அதை ஒருநாள் முன்னதாகவே திறந்துவைத்தன.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் விசாரணை என்று ஒன்று வந்தது. நீள மேசை, மூன்று அதிகாரிகள், நடுவில் தண்ணீர் ஜாடி. "கட்டை கொடுக்க வேண்டாம் என்று உங்களிடம் யார் சொன்னது?" "இவர்தான்" என்று மாஸ்டர் சகலையைக் காட்டினார். சகலை ஜாடியைப் பார்த்தார். பிறகு, ஏதோ பால்காரர் கணக்கு கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்:

"நான் சொல்லவே இல்லையே."

அவ்வளவுதான். ஒருவர் முட்டுக்கட்டைக்கு வந்தார். ஒருவர் படிப்படியாக மேலே போனார்.

அன்றிலிருந்து மாஸ்டர் பழிவாங்கிக்கொண்டே இருக்கிறார், மனசுக்குள். ஒரு சமயம், சகலை போகும் வண்டி தடம்புரளட்டும் என்று வேண்டிக்கொண்டார். அப்புறம் அந்த வண்டியின் டிரைவருக்குச் சின்னக் குழந்தைகள் இருப்பது ஞாபகம் வந்து, அவசர அவசரமாக வேண்டுதலை வாபஸ் வாங்கினார். இன்னொரு சமயம், சகலையின் தலைமுடி மட்டும் கொட்டட்டும் என்று இறங்கிவந்தார். கொட்டியது, ஆனால் இவருக்கு. இவர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் வீட்டில் போட்ட உத்தரவுதான்: "அந்த வீட்டு வாசப்படியை இனி யாரும் மிதிக்கக்கூடாது." யாரும் என்றால் மனைவி. அவளுக்குத்தான் அது அக்கா வீடு. அவள் மிதிக்கவில்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை போன் மணி அடித்தது. அந்தக் கிளை லைனுக்கு மொத்தமும் ஒரே போன் கம்பி. ஒரு ஸ்டேஷனில் எடுத்தால் எல்லா ஸ்டேஷனிலும் காதில் விழும். அதனால் அங்கே யாரும் யாரிடமும் ரகசியம் பேசுவதில்லை. பேசினால் அதற்கு நாலு ஸ்டேஷனிலிருந்து யோசனை வரும். ஜங்ஷனில் இருந்த கண்ட்ரோலர் சொன்னார்: "இன்னிக்கு உங்க வண்டியில சலூன் மாட்டி வருது. பெரியவர் இன்ஸ்பெக்‌ஷன்."

சலூன் என்றால் அதிகாரிகள் ஊர்சுற்றுவதற்கென்றே உள்ள தனிப்பெட்டி. உள்ளே கட்டில், மேசை, குட்டிச் சமையலறை, பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி.

"எந்தப் பெரியவர்?" என்று கேட்டார் மாஸ்டர்.

கண்ட்ரோலர் சொல்வதற்குள் இடையில் ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்து குரல் வந்தது: "உங்க சகலைதான் மாஸ்டர்! நாளைக்குக் காலையில தலைமை ஆபீஸ்ல அவருக்கு நேர்காணல். பெரிய போஸ்டாம். போட்டியில ரெண்டே பேருதானாம்."

மாஸ்டர் போனை வைத்துவிட்டு வெளியே வந்து முட்டுக்கட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இன்று சாயங்கால வண்டியில் சகலை ஜங்ஷனுக்குத் திரும்பினால்தான் இரவு எக்ஸ்பிரஸைப் பிடித்து நேர்காணலுக்குப் போகமுடியும். ரோடு வழியாகப் போகலாமென்றால், மழையில் பாலம் உடைந்ததிலிருந்து பஸ்கூட வருவதில்லை. இந்த ஒரு வண்டி. இதை விட்டால் நாளைக் காலை வண்டி வந்து திரும்புகிறவரை ஒன்றும் கிடையாது. அவர் வாயைத் திறக்காமல் சிரித்தார். முள்செடியில் மேய்ந்த ஆடு ஒன்று நிமிர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோனது.

ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் குவார்ட்டர்ஸ். மனைவி அதற்குள் சாப்பாட்டுக் கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இது?"

"அக்காவும் வர்றாளாம். அவசரம் சொன்னாரு."

"எல்லாத்துக்கும் மெதுவா வர்ற ஆளு, இதுக்கு மட்டும் ஓடி வந்துட்டானா? அக்கா எதுக்கு வர்றா?"

"சலூன் சமையல்காரருக்குக் காய்ச்சலாம். சமைக்க ஆள் வேணும்னு அத்தான் அக்காவைக் கூட்டிட்டு வர்றாராம்."

"பாத்தியா அவன் புத்திய!" என்று மாஸ்டர் குதித்தார். "நான் என்ன சொல்லியிருக்கேன்? அவன் வாசப்படிய மிதிக்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

மனைவி கேரியரின் கொக்கியை மாட்டினாள். "சலூனுக்கு வாசப்படி இல்லீங்க. ஏணிதான்."

மாஸ்டர் கொடியை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு நடந்தார்.

வண்டி வந்தது. பின்னால் வாலில் மாட்டியிருந்த சலூன், அழுக்குத் துணிகளுக்கு நடுவில் கஞ்சிபோட்ட சட்டை மாதிரி பளபளத்தது. சகலை இறங்கினார். உடம்பு இரண்டு மடங்காகியிருந்தது. பார்வை மட்டும் அதே ஜாடியைப் பார்க்கிற பார்வை.

"என்ன மாஸ்டர், சௌக்கியமா?"

சகலை என்று கூப்பிடவில்லை. தம்பி என்றுகூட இல்லை. மாஸ்டராம்.

"உங்க புண்ணியத்துல இருக்கேன் சார்."

சகலை பிளாட்பாரத்தில் நடந்தார். கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார். வெயிட்டிங் ரூமில் எட்டிப்பார்த்து, இரண்டு பெஞ்சுகளையும் ஒரு சிலந்தியையும் பார்வையிட்டார். கார்டு, டிரைவர், அவசரம் மூவரும் வரிசையாக நிற்க, ஒரு சின்னப் பிரசங்கம் நிகழ்த்தினார். "இந்த லைன்ல எந்த வண்டியும் லேட்டாகக் கிளம்பறதில்லை. அது என்னோட சாதனை. நாளைக்கு நேர்காணல்ல அதைத்தான் சொல்லப்போறேன். இன்னிக்கு சாயங்காலம் எது வந்தாலும், யார் வந்தாலும் வண்டி நேரத்துக்குக் கிளம்பணும். ஒரு நிமிஷம் லேட்டாச்சுன்னா நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

"புதுசா என்ன" என்று அவசரம் மூச்சுக்குள் சொன்னது மாஸ்டருக்கு மட்டும் கேட்டது.

"அப்புறம் ஒண்ணு. திரும்பிப் போறப்பவும் என் பெட்டி வால்லதான் இருக்கணும். பின்கண்ணாடி வழியா நான் தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டே போகணும்."

இதில்தான் சங்கதி இருக்கிறது. எஞ்சின் மறுமுனைக்குப் போனால் சலூன் எஞ்சினை ஒட்டி முதல் பெட்டியாகிவிடும். அதை மறுபடியும் வாலுக்குக் கொண்டுவர வேண்டுமானால் வேலை இரண்டு பாதி. முதல் பாதி, சலூனைத் தனியாகக் கழற்றிப் பக்கத்துத் தடத்தில் விடுவது. இரண்டாம் பாதி, எஞ்சின் மற்ற பெட்டிகளை வெளியே இழுத்துப்போய், தடம் மாறிப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து, சலூனை வாலில் கோர்த்துக்கொள்வது.

மாஸ்டர் பவ்யமாகக் குனிந்தார். "கட்டாயம் சார். இப்ப உங்க பெட்டியைக் கழற்றிப் பக்கத்துத் தடத்துல நிழலா விட்டுடறேன். கோர்க்கற வேலையக் கிளம்பறப்ப வெச்சுக்கலாம். இப்பவே வண்டியைக் கொண்டுவந்து இடிச்சா சாப்பாட்டுத் தட்டெல்லாம் குலுங்கும்."

"அதுவும் சரிதான். சாப்பிட்டு நான் கொஞ்சம் படுப்பேன். என்னை யாரும் எழுப்பக்கூடாது."

அது எல்லோருக்கும் தெரியும். மத்தியானத் தூக்கத்தில் கதவைத் தட்டிய ஒரு டிக்கெட் பரிசோதகரைச் சகலை எங்கேயோ மலைமேல் ஒரு குடோனுக்கு மாற்றிய கதை லைன் முழுக்கப் பிரசித்தம். அந்த மனுஷன் இன்னும் எந்தக் கதவையும் தட்டுவதில்லையாம். சொந்த வீட்டு வாசலிலேயே இருமிக்கொண்டு நிற்பாராம்.

"நீங்க நிம்மதியா தூங்குங்க சார்" என்றார் மாஸ்டர். பிறகு, நாக்கில் அந்த வார்த்தைகளை ஒருமுறை உருட்டிச் சுவைபார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நான் பாத்துக்கறேன்."

சகலைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அதுதான் மாஸ்டரை இன்னும் சுட்டது. இத்தனை வருஷமாக இவர் தின்று, துப்பி, மறுபடி தின்ற வார்த்தைகள். சொன்னவனுக்கு ஞாபகமே இல்லை.

முதல் பாதி ஷன்டிங் முடிந்தது. சலூன் பக்கத்துத் தடத்தில் வேப்பமர நிழலில் தனியாக நின்றது. மாஸ்டர் தானே குனிந்து சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். கட்டை விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு. மனைவி கேரியரோடு ஏணி ஏறுவதை அவர் பார்க்காத மாதிரி பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு கூவல், பிறகு இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். வெயில் ஏறிற்று. கொஞ்ச நேரம் கழித்துச் சலூனிலிருந்து குறட்டை கிளம்பியது. தரமான குறட்டை, மேலதிகாரி ஆகத் தகுதியுள்ள குறட்டை.

கிளம்பும் நேரம் நெருங்கியபோது டிரைவர் எஞ்சினிலிருந்து எட்டிப்பார்த்தார். எஞ்சின் மற்ற பெட்டிகளோடு மாட்டித் தயாராக நின்றது.

"என்ன மாஸ்டர், சலூனைக் கோர்க்கப் பின்னால வரலாமா?"

"வேண்டாம். ஐயா ராத்திரி இங்க தங்கறாரு. சலூன் நாளைக்கு வண்டியில வரும்."

கார்டு கையில் கொடியோடு ஓடிவந்தார். "யார் சொன்னது?"

"அவரேதான். வாய்ச்சொல்லு."

"நாளைக்கு நேர்காணல்னு இப்பத்தானே சொன்னாரு?"

"பெரிய இடத்து மனசு, நமக்கென்ன தெரியும்? வேணும்னா நீங்களே கேட்டுக்கோங்க. கதவு அதோ."

கார்டு கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் குறட்டை ஒருமுறை நின்று, புரண்டு படுத்து, மறுபடி தொடங்கியது. கார்டுக்கு வீடு ஜங்ஷனில். குழந்தைகள் அங்கேதான் படிக்கின்றன. மலைமேல் உள்ள குடோனில் பள்ளிக்கூடம் இருக்குமா என்று அவர் யோசித்தது முகத்தில் அப்படியே தெரிந்தது.

"எது வந்தாலும் வண்டி நேரத்துக்குக் கிளம்பணும்னு நம்ம எல்லார் முன்னாடியும் சொன்னாரு" என்றார் மாஸ்டர், மிகவும் மிருதுவாக. "இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கு."

கார்டு விசில் ஊதினார். அவசரம் இழுக்கவேண்டிய கம்பியை இழுத்தார், இழுக்கவேண்டாத கம்பியை இழுக்கவில்லை. மாஸ்டர் பச்சைக் கொடியை விரித்தார். அந்தக் கொடியை அவர் ஆயிரம் தடவை காட்டியிருப்பார். இப்படிக் காட்டியதில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் ஆடுகிற மாமன் மாதிரி ஆட்டினார். வண்டி நகர்ந்தது, வளைவில் திரும்பியது, போயே போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். துல்லியம்.

அவர் ஸ்டேஷன் அறையில் போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தலையைக்கூடச் சீவிக்கொண்டார், இருந்த மட்டில்.

வெயில் தணிந்து வேப்பமர நிழல் நீண்டபோது சலூன் கதவு படாரென்று திறந்தது. சகலை பனியனோடு ஏணியில் நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். வண்டியே கண்டுபிடிக்கப்படாத காலத்துத் தண்டவாளம் மாதிரி எல்லாம் வெறிச்சென்று கிடந்தது.

"மாஸ்டர்! வண்டி எங்கய்யா?"

"கிளம்பிடுச்சு சார். கரெக்ட் டைம்."

"நான் இங்க இருக்கேன்யா!"

"ஆமா சார். தெரியுது."

"பைத்தியமா உனக்கு? சலூனை விட்டுட்டுப் போகச் சொன்னது யாரு?"

"நீங்கதான் சார்."

"நானா?" சகலையின் தொண்டை நரம்பு புடைத்தது. வயிறு பனியனோடு குலுங்கியது. "நான் சொல்லவே இல்லையே!"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. அதே வார்த்தைகள். இந்தத் தடவை அவை நிஜம் வேறு. ஒரு மனுஷன் உண்மையைச் சொல்லி அதை யாரும் நம்பாமல் போனால் எப்படி இருக்கும் என்பதை மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். தனக்கு நடந்தபோது அவரால் அதைப் பார்க்க முடிந்ததில்லை. விசாரணை அறையில் கண்ணாடி இல்லை.

போன் மணி அடித்தது. இருவரும் உள்ளே ஓடினார்கள். மாஸ்டர்தான் எடுத்தார்.

"சலூன் வரலைன்னு கார்டு சொல்றாரு" என்றார் கண்ட்ரோலர். "யார் உத்தரவு? எழுத்துல இருக்கா?"

"எழுத்துல இல்லைங்க. வாய்ச்சொல்தான்."

"அவரைக் கூப்பிடுங்க."

மாஸ்டர் போனின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். சகலை பிடுங்க வந்தார். மாஸ்டர் விடவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

"சகலை. ஒரு நிமிஷம் பொறுங்க. உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. நான் சொல்லவே இல்லைன்னு சொல்லலாம். உங்களுக்குப் பழக்கப்பட்ட வழிதான். அப்ப விசாரணை வைப்பாங்க. எழுப்பக்கூடாது, எது வந்தாலும் வண்டி நேரத்துக்குப் போகணும்னு நீங்க சொன்னதை மூணு பேரு கேட்டிருக்காங்க. தன் பெட்டியிலேயே தூங்கி வண்டியக் கோட்டை விட்ட அதிகாரின்னு உங்களை ஓய்வு பெறுற வரைக்கும் பேசுவாங்க. ஓய்வுக்கு அப்புறமும் பேசுவாங்க. இல்லைன்னா, ஸ்டேஷனை ராத்திரியும் இருந்து சோதிக்கணும்னு நானேதான் தங்கினேன்னு சொல்லலாம். போஸ்ட் போயிடும். மானம் மிஞ்சும்."

"உனக்கு என்னய்யா வேணும்?"

"எனக்கா? நாலு வார்த்தை வேணும்."

சகலை அவரைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார் என்று சொல்லவேண்டும். அந்த முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்லத் தடம் மாறியது. ஒரு மேசை, ஒரு ஜாடி, ரிப்பன் சுற்றிய இடிந்த சுவர் எல்லாம் வரிசையாக அவர் கண்ணுக்குள் வந்துபோவதை மாஸ்டர் பார்த்தார். பதவி கையைவிட்டுப் போனது அவருக்குப் புரிந்த அதே நொடியில் காரணமும் புரிந்தது. அந்த நொடிக்காகத்தான் மாஸ்டர் காத்திருந்தார்.

போனைக் கொடுத்தார்.

"ஹலோ" என்றார் சகலை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஆமா. அப்படிச் செய்யச் சொன்னது நான்தான்."

மாஸ்டர் எட்டிப் போன் கம்பியை இரண்டு ஆட்டு ஆட்டினார். "லைன் சரியில்ல சகலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

"அப்படிச் செய்யச் சொன்னது நான்தான்!" என்று சகலை கத்தினார்.

பிறகு வரிசையாக, லைன் நெடுக, ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போன்கள் வைக்கப்படும் சத்தம். கடைசியில் வைத்தவர் யாரோ வைப்பதற்குமுன் லேசாகக் கைதட்டிவிட்டுத்தான் வைத்தார்.

மாஸ்டருக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. ஆனாலும் அதில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. வார்த்தை கிடைத்துவிட்டது, ஆனால் வேறு விஷயத்துக்கு. தொலைந்த செருப்பைத் தேடிப்போய் இன்னொருவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்ததுபோல, நடக்கலாம், கடிக்கும். அவர் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிப்பதற்குள் வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது.

சலூன் ஜன்னலில் இரண்டு தலைகள். ஒன்று இவர் மனைவி. தலையைப் பாதி பின்னியபடி. பின்னுகிற கை அக்காவுடையது.

"நீ இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்றார் மாஸ்டர், திகைத்துப்போய்.

"எங்க போறது? உள்ளதான் இருந்தேன்."

"வண்டி போனது..."

"பாத்தேனே. கோர்க்கப் பின்னால வரலைன்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஸ்டேஷன் மாஸ்டர் பொண்டாட்டிங்க நான். எனக்கு ஷன்டிங் தெரியாதா?"

சகலை தன் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா? என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?"

"யாரும் எழுப்பக்கூடாதுன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க" என்றாள் அவள், பின்னலை இறுக்கியபடி. "அந்தப் போஸ்ட் கிடைச்சா இன்னும் தூரமா ஒரு ஊரு. சமையல்காரனுக்குக் காய்ச்சல் வந்தாத்தான் என் தங்கச்சி மூஞ்சிய நான் பாக்கணும். அதான் படுத்திருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. தன் மனைவி பக்கம் திரும்பி, நம்ம கட்சிக்கு இன்னொரு ஆள் என்ற பாவனையில் புருவத்தை உயர்த்தினார். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க என்ன சிரிக்கிறீங்க? அத்தான் உங்களை ஒரு தடவை கோர்க்காம விட்டாரு. நீங்க என்னை இத்தனை வருஷமா விட்டிருக்கீங்க. அவர் செஞ்சதுக்கு எனக்கு எதுக்குங்க தண்டனை? ஒரு நாளாவது என்னைக் கேட்டீங்களா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். நான் சொல்லவே இல்லையே என்று சொல்ல முடியாது. சொல்லியிருந்தார். வாசப்படி உத்தரவு அவருடையதுதான். சாட்சி எதிரில் நின்றது.

"இன்னிக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் சலூன்ல படுத்துக்கறோம்" என்றாள் அவள். "கட்டிலும் ரெண்டுதான் இருக்கு. வீட்டுச் சாவியும் என்கிட்டதான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வெயிட்டிங் ரூமைப் பாத்துக்கோங்க."

ஜன்னல் மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு மறுபடி அந்தச் சிரிப்பு. மாஸ்டர் அப்படியே நின்றார். அந்தச் சிரிப்பை ஜங்ஷனில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தபோது தினமும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறார். இந்த ஊருக்கு வந்தபிறகு அவளுக்குச் சிரிக்கும் வயது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவசரம் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து, பனியனோடு நிற்கும் பெரியவரையும் தலைசீவி நிற்கும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவசரமாக அங்கிருந்து போனார்.

வெயிட்டிங் ரூமில் இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் நடுப்பலகையில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கும். அது எந்தப் பெஞ்சு என்று மாஸ்டருக்குத் தெரியும். அவர் பேசாமல் மற்றதில் போய் உட்கார்ந்தார். சகலை உட்கார்ந்தார். டர்ரென்று ஒரு சத்தம்.

இருவரும் ஆளுக்கு நாலு கொசு அடித்தார்கள்.

"சகலை" என்றார் பெரியவர் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. அங்கே ஜாடி இல்லை. "அன்னிக்கு அந்த வேகன் விஷயம். கட்டை வேண்டாம்னு சொன்னது நான்தான்."

"இங்க சொல்லி என்ன புண்ணியம்? இங்க கேக்கறதுக்கு சிலந்திதான் இருக்கு. நாளைக்குக் காலையில போன்ல சொல்லுங்க. லைன் முழுக்கக் கேக்கட்டும்."

சகலை மாட்டேன் என்று சொல்லவில்லை. சற்று நகர்ந்து உட்கார்ந்து, கிழிந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பெஞ்சுல ஒரு ஆணி இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் விட்டியா?"

"பின்ன?"

மாஸ்டர் எழுந்து போனார். ஸ்டேஷன் அறையில் சுத்தியல் மேசைமேலேயே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. சாயங்காலம் ஆட்டிய பச்சைக் கொடியை எடுத்து நான்காக மடித்துக்கொண்டு வந்து, ஆணியின்மேல் வைத்தார்.

"இப்ப உக்காருங்க" என்றார். "காலையில போன் பண்ணி முடிச்சதும் ஆணிய அடிச்சுடலாம்."